கீற்றுக் கட்டிய படகு

மேடையில் வீற்றிருக்கும் வட்டக் குழுத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, தலையில் வெள்ளைத் துணி கட்டி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆறாம் அண்ணி லுவா அவர்களே, ஆற்றுப் படையில் மிச்சமிருக்கும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம். தலை நரைத்த பிறகும் நீங்கள் கடைக்குட்டி என்றே கூப்பிடுகிற நான், கண்ணிவெடிக் கம்பியை இழுத்தவன், பேச வந்திருக்கிறேன்.

தளபதி லூ வான் வென்! எங்கள் ஆறாம் அண்ணன்! எதிரியின் ஏழு இரும்புப் படகுகளை ஆற்றின் அடியில் உட்காரவைத்த மனிதர் இன்று படமாகி மாலைக்குள் இருக்கிறார். நம்ப முடிகிறதா? துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, வருவது இரும்பா மரமா என்று இரண்டு வளைவுக்கு முன்பே சொல்வார். அந்தக் காது யாருக்கு வாய்த்தது? சோற்றுப் பானையில் கடைசியாகக் கை வைத்தவர் யார்? காய்ச்சலில் கிடந்த என்னை இடுப்பளவு சேற்றில் மூன்று நாள் சுமந்தவர் யார்? அவர்தான். அதை மறைத்தால் நான் நன்றி கெட்டவன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதற்காகத்தான் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு. நீர்த்தென்னைப் புதருக்குள் குழி. குழியில் படுத்திருப்பவனுக்குத் தெரிவது ஒரு சாண் அகல ஆறு. கண்ணிக்கு மேலே எதிரி வந்துவிட்டானா என்று எப்படித் தெரியும்? அண்ணன் ஓர் அடையாளம் வைத்தார். இரும்புப் படகுகள் கிளம்பினால் எங்கள் தூதுப்பெண் கழியில் தென்னங்கீற்றுக் கட்டிய சிறு படகில் முன்னால் வருவாள். கீற்று கடந்ததும் நூறு எண்ணு, கம்பியை இழு. அந்தத் தூதுப்பெண் யார்? அன்று இருபது வயது லுவா. இன்று நம் அண்ணி.

தோழர்களே, பூசணி விற்பவன் கழியில் பூசணி கட்டுவான். கீற்றுக் கட்டினால் படகே விற்பனைக்கு. நம் ஆற்றில் பிறந்த எந்தக் குழந்தைக்குத் தெரியாது? அதனால்தான் எதிரிக்குச் சந்தேகம் வராது என்றார் அண்ணன். அண்ணி அன்றே சொன்னார்: "பஞ்ச காலத்துல பாதிப் படகு கீத்துக் கட்டிக்கிட்டுத்தான் திரியுது. வேற ஏதாவது வைங்க." நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஒரு காலை கீற்று வந்தது. கடந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பக்கத்தில் அண்ணன், காதில் துடுப்பு. முப்பதுக்கு அருகில் அவர் முகம் சுருங்கியது.

"சத்தம் வேற மாதிரி இருக்குடா," என்றார்.

நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

"கீத்து வந்திருச்சுல்ல? எண்ணு."

எண்ணினேன். நூறில் இழுத்தேன். சந்தைக்குப் போன பயணிகள் படகு. பதினொரு பேர் செத்தார்கள். கோழிக் கூடைகள் மிதந்தன.

கீற்றுப் படகு ஓடிவிட்டதா? இல்லை! திரும்பி வந்தது. அதில் லான் என்ற விதவை, அவளுடைய ஏழு வயது மகள் குயென். லான் நீரில் குதித்து இரண்டு பேரைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். மூன்றாவது ஆளை இழுக்கும்போது நாங்கள் அவளைப் பிடித்தோம். நம் அடையாளத்தை எதிரிக்கு விற்றவள், மக்கள் படகை வேண்டுமென்றே கண்ணிக்கு இழுத்து வந்தவள் என்றார் அண்ணன்.

"கீத்து எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாய்யா? படகை விக்கப் போறேன். வீட்டுல அரிசி இல்ல," என்றாள்.

"எப்பவும் பெரிய கால்வாய்லதானே போவீங்க? இந்தப் பக்கம் ஏன் வந்த?" என்றார் அண்ணன்.

"கால்வாய்ல வத்தமாச்சேய்யா. இந்தப் பக்கம்தானே தண்ணி கெடக்கு."

மாலையில் அண்ணி வந்தார். அன்று இரும்புப் படகுகள் கிளம்பவே இல்லை, அதனால் தானும் கிளம்பவில்லை, அந்தப் பெண் படகு விற்கத்தான் போயிருக்கிறாள் என்று அண்ணனிடம் சொன்னார். நான் கூட இருந்தேன். அண்ணன் கேட்டார்: "அவ குத்தவாளி இல்லன்னா அப்ப யாரு?"

நாங்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டோம். மறுநாள் காலை, குண்டு வீணாகும் என்று, லானை அவளுடைய கழியிலேயே கட்டி ஆற்றில் இறக்கினோம். குயென் கரையில் நின்றாள். விற்க வந்த படகு எங்களுக்குச் சும்மா கிடைத்தது. நல்ல படகு. இரண்டு வருடம் ஓட்டினோம்.

அந்தப் பதினொரு பேருக்குக் கல் நட்டு, எதிரியின் சதியில் மாண்டவர்கள் என்று எழுதினோம். அண்ணன் ஆண்டுதோறும் அங்கே உரையாற்றினார். நீங்கள் அழுதீர்கள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்! துரோகியின் மகள் என்பதால் குயெனுக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. தாய்க்கு ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லை. துரோகிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுக்க தண்டனையின்போது அங்கே இருந்தவர்கள் இருவர் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பத்தோடு அண்ணன் வீட்டு வாசலில் அவள் எத்தனை ஆண்டு நின்றாள்! நாளைக்கு வா என்பார் அண்ணன். அவர் போடாமல் நான் எப்படிப் போடுவது என்பேன் நான்.

கடைசி நாற்பது நாள் அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் விரால்மீன் கஞ்சி கொண்டுவந்தது யார் தெரியுமா? குயென். ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, தாளை எடுத்து நீட்டுவாள். போட்டுவிடுங்கள் அண்ணே என்று நானும் ஒருநாள் கெஞ்சினேன்.

"போட்டுட்டா நாளைக்குக் கஞ்சி கொண்டு வருவாளாடா?" என்று கேட்டார் எங்கள் ஆறாம் அண்ணன்.

நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். நான் இன்று காலை கையெழுத்திட்டேன். இருபத்தாறு வருடம் தாமதம். என் வீரம் அவ்வளவுதான். இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும். அங்கே இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் இன்னும் ஒருவர்தான்.

அண்ணி, இது கொடுமை என்று எனக்குத் தெரியும். கணவர் படத்துக்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டிருந்தால் நாளைக்கு வா என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தாள் இந்த மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. உள்ளே வர அழைப்பில்லாததால் குயென் அதோ வாசலில் நிற்கிறாள்.

மறைந்தவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது நம் வழக்கம். அண்ணன் விட்டுப்போன பணி இந்த ஒரு கையெழுத்துதான். மௌன அஞ்சலியும் வழக்கம்தான். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் நூறு எண்ணுகிறேன். அண்ணி வந்தாலும் வராவிட்டாலும், இந்த முறை இடையில் நிறுத்தமாட்டேன்.

ஒன்று.