வினிஃபிறெட் அம்மையாரின் சாட்சியத்துக்காக எழுந்து நின்ற றஜீனா அக்காவுக்கு

செவி கொடுத்தே சேவை செய்த சீமாட்டியே! மன்னார் மண் ஈன்றெடுக்க, லண்டனின் டூட்டிங் தெருக்கள் தத்தெடுத்த தகைமையாளரே! அன்புக்கு அடங்கியும் அதட்டலுக்கு அடங்காமலும் வாழ்ந்த எங்கள் அருமை றஜீனா அக்கா! ஓய்வு பெறும் இந்நாளில் உங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த வணக்கம்!

நமது சாட்சிய நிலையத்தின் ஆங்கில வாழ்த்தைச் சற்று முன் கேட்டீர்கள். இது, இங்கே உங்களோடு வேலை செய்யும் தமிழர் நாங்கள், நம் மொழியிலேயே சொல்ல ஆசைப்பட்டது.

அடிமையாக்கப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தோர், தம் முன்னோருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பரிகாரம் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையை அவர்கள் வாயாலேயே பதிவு செய்வது நமது சாட்சிய நிலையத்தின் பணி. அகதி விண்ணப்ப நேர்காணல்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பின்னரே நீங்கள் இங்கே வந்தீர்கள். "சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்" என்று அதிகாரிகள் கேட்டபோதெல்லாம், பேச்சோடு சேர்ந்து மனிதரின் வழக்கும் சுருங்கிப்போனதைக் கண்ணால் கண்டவர் நீங்கள். அதனால்தான் இங்கே எவருடைய சொல்லையும் எவரும் நறுக்க நீங்கள் விடவில்லை.

கேட்பதையே கலையாக்கிய கண்ணியமே! பார்படோஸ் தீவிலிருந்து இளவயதில் வந்து, ஓய்வு பெறும்வரை இந்நகரின் ஆஸ்பத்திரிகளில் தாதியாக உழைத்தவர் வினிஃபிறெட் அம்மையார். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர், நீங்கள் முதன்முதலில் சாட்சியம் கேட்டுப் போன அன்று, உங்களைத் தம் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். "நீ தமிழ்ப் பெண். எங்கள் கதை உனக்கு எதற்கு?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதிலை எங்களிடம் இப்படித்தான் திருப்பிச் சொன்னீர்கள்: "எனக்கு விளங்காது எண்டுதான் அம்மா வந்தனான். நீங்கள் சொன்னால்தானே விளங்கும்." கதவு திறந்தது. ஆனாலும் ஒலிப்பதிவுக் கருவியை நீங்கள் பையிலிருந்து எடுக்கவில்லை. வாரா வாரம் போனீர்கள், தேநீர் குடித்தீர்கள், திரும்பி வந்தீர்கள். "எப்பதான் பதிவு செய்யப் போறியள்?" என்று நாங்கள் நச்சரித்தோம். "அவ சொல்லேக்க" என்றீர்கள். கடைசியில், பொது அமர்வில் எல்லார் முன்னும் பேசுகிறேன் என்று அவராகவே சொன்னார்.

நகர மண்டபத்தில் நடந்த அந்த அமர்வை நாங்கள் மறப்பதெப்படி! அம்மையார் தம் குடும்பப் பெயரைப் பற்றிப் பேசினார். "இது என் பூட்டியின் தாயை விலைக்கு வாங்கியவனின் பெயர். ஆயுள் முழுக்க இதைத்தான் சீருடையில் குத்திக்கொண்டு நோயாளிகளைத் தொட்டேன். இதைக் கழற்றிவிட்டால் எனக்கு வேறு பெயர் இல்லை. நான் கேட்பது..." என்றபோது அமர்வுத் தலைவரின் மணி அடித்தது. நேரம் முடிந்ததாம். அம்மையார் தலை குனிந்து, கதிரையின் கைப்பிடியைத் தேடினார்.

ஒலிப்பதிவு மேசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. "இன்னும் முடியேல்லை! அவ கதைக்கட்டும்!" என்று தமிழில் கத்தினீர்கள். மண்டபத்தில் பலருக்கு மொழி தெரியாது; விஷயம் எல்லாருக்கும் விளங்கியது. பிறகு ஆங்கிலத்தில் அதையே சொன்னீர்கள். "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார் தலைவர். "அப்படியென்றால் எல்லோருக்கும் மாற்றுங்கள்" என்றீர்கள். அமர்வையே ஒத்திவைப்பேன் என்று அவர் எச்சரித்தார். அப்போது, அடுத்துப் பேசக் காத்திருந்த டெல்றோய், "என் நேரத்தை அவருக்குத் தருகிறேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். வரிசை முழுவதும் சொன்னது. தலைவர் மணியை மேசைக்குக் கீழே வைத்தார்.

அம்மையார் பேசி முடித்தார். "அரசாங்கத்துக்குச் சொல்கிறேன்: எங்களிடம் தெளிவான சொல்லில் மன்னிப்புக் கேளுங்கள். ஆவணக் காப்பகங்களைத் திறந்து, எங்கள் தாய்மாரின் சொந்தப் பெயர்களைத் தேடித் தாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்." அந்த மன்னிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அம்மையாரின் முழுச் சாட்சியம் இன்று இப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் ஒலிக்கிறது. வரமாட்டோம் என்றிருந்த பலர் தாமாகவே பேச வந்தார்கள்.

உறுதியின் உறைவிடமே! உங்களோடு நாங்கள் சண்டையும் பிடித்தோம். சாட்சியத்தின் நடுவே அம்மையார் அழுத பகுதியை மட்டும் தொலைக்காட்சிக்காரர் கேட்டபோது, கொடுத்தால் உலகமே பார்க்குமே என்றோம். நீங்கள் அம்மையாரிடம் கேட்டீர்கள், அவர் மறுத்தார், அத்தோடு கதை முடிந்தது. நல்ல வாய்ப்பு நழுவியது என்று எங்களில் டினேஷ் இப்போதும் முணுமுணுப்பார். நீங்களோ, "அது அவவின்ர கண்ணீர். எங்கட இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்த மாதம் லண்டனின் பார்க்கிங் என்ற ஊரில் புதிய அமர்வு. உங்கள் பொறுப்பைத் தமிழர் ஒருவருக்கே தரலாம் என்று நிர்வாகம் நினைத்தபோது, "இது அவையளின்ர மேசை. நான் கொஞ்சக் காலம் பாத்துக்கொண்டனான், அவ்வளவுதான்" என்று, அன்று தன் நேரத்தைத் தந்த டெல்றோயை முன்மொழிந்தவரும் நீங்களே! அந்த அமர்வை அவரே நடத்துவார். சாட்சியம் சொல்ல முதலில் பெயர் கொடுத்திருப்பவர், அவருடைய தாயார்.

கணவர் சூசைதாசன் அண்ணையோடு, நோயும் நோவும் நெருங்காமல், நினைத்த நேரத்தில் நித்திரையும் நினையாத நேரத்தில் சிரிப்புமாக, நிறைந்த ஆயுளோடு வாழுங்கள், அக்கா!

என்றும் உங்கள் அன்பில்,
டினேஷ், மேனுஷா, ஜதுர்ஷிகா, இராசரத்தினம்
சாட்சிய நிலையப் பணியாளர்கள், டூட்டிங், லண்டன்