அடுப்புச் சுவரின் சூடு

ஞாயிற்றுக்கிழமை, மடுல்சீமை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு மச்சான்மார் இருந்தார்கள். ஒருவர் தேயிலை ஃபெக்டரியில் அடுப்பு எரிப்பவர், மற்றவர் பதுளையில் வயரிங் வேலை செய்பவர். வெளியே விடாத மழை.

“செங்கல்லுல கரண்டு சேத்து வைக்கப் போறாங்களாம் மச்சான்,” என்றார் அடுப்புக்காரர்.

“கரண்டு இல்ல, சூடு. பகல்ல சோலார் மிஞ்சுதுல்ல, அதுல கல்லப் பழுக்கக் காய்ச்சி வச்சா, இருட்டுனப்புறம் அந்தச் சூட்டுல ஆவி உண்டாக்கி கரண்டு எடுக்கலாம். பெட்டரிய விட கல்லு எவ்வளவோ மலிவு.”

“இதுக்காக ஃபெக்டரிக்கு வந்த இஞ்சினியர் ஐயாவும் அப்படித்தான் சொன்னாரு. நாங்க குடியிருக்குற லயத்து வீடுகளுக்கும் கரண்டு லைன் இழுப்பாங்களாம். எங்க அடுப்ப அணைச்சா அதோட செங்கல் செவுரு எவ்வளவு நேரம் சூடா இருக்கும்னு எங்கிட்ட கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“ரெண்டு மணித்தியாலத்துல ஆறிரும்னேன்.”

வயரிங்காரர் திரும்பிப் பார்த்தார். “சனிக்கெழம அணைச்ச அடுப்பு திங்கக்கெழம விடியவும் சுடும்னு நீதானே சொல்லுவ.”

“ஆமா. கொழுந்து எடுக்குற பொம்பளைங்களோட நனஞ்ச கம்பளியெல்லாம் ஞாயித்துக்கெழம அதுலதான் காயுது. தோட்டத்துத் தொரைக்குத் தெரியாது. நெசத்தச் சொன்னா செவுரப் பாக்க வந்து கம்பளியக் கண்டுருவாங்க.”

“அவரு எழுதிக்கிட்டாரா?”

“எழுதிக்கிட்டுத்தான் போனாரு.”

பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டியது.

“போன் பண்ணி சரியா சொல்லிரு மச்சான். இல்லாட்டி கல்லுல சூடு நிக்காதுன்னு இந்த வேலையையே விட்டுருவாங்க.”

அடுப்புக்காரர் ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தார்.

“சொல்றேன். இந்த மழ விடட்டும். இப்ப செவுத்துல பதினாலு கம்பளி கெடக்கு.”