புண்ணைத் தொட்ட கை

— சும்மா மழுப்பாதே அக்கா. நல்லா ஆறிட்டு வந்த கால்ல சீழ் எப்படி வந்துச்சு?

— வீட்டுலேருந்து நீ கொண்டு வரலடா. இந்த வார்டுலதான் பிடிச்சிருக்கு.

— அதைத்தானே நானும் சொல்றேன்! எலும்பு உடைஞ்சு வந்தேன், தகடு வச்சீங்க, ஜம்முனு தேறிட்டு இருந்தேன். இப்பப் பாரு, காலு பூசணிக்கா மாதிரி கிடக்கு. இனிமே நான் பஸ் ஓட்டின மாதிரிதான்!

— ஓட்டுவே. புது ஊசி நல்லாவே கேக்குது. காய்ச்சல் இறங்கிடுச்சு. தகட்டை எடுக்க வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார்.

— அந்த மனுஷன் மேலதான் எனக்குச் சந்தேகமே! கட்டிலுக்குக் கட்டில் ஓடுற ஓட்டத்துல அவருக்குக் கை கழுவ நேரமேது? இல்லன்னா பக்கத்துக் கட்டில் பெரியவர். இருமியே ஊரைக் கூட்டுறார்.

— அவர் இருமினா உன் கால்ல சீழ் வைக்காதுடா, மேதாவி.

— சரி, ஏன் வாசல்லயே நிக்கிறே? கட்டு மாத்தலையா?

— இன்னைக்குச் சின்ன நர்ஸ் வந்து மாத்துவா. நீ கேளு. டாக்டர், நர்ஸுங்க, தரை துடைக்கிறவங்க, ஒருத்தர் விடாம மூக்குல குச்சி விட்டுச் சோதிச்சாச்சு.

— தலைமை நர்ஸம்மா உத்தரவாக்கும்?

— என் உத்தரவேதான். சிலர் மூக்குல கிருமி குடியிருக்கும். அவங்களை ஒண்ணும் செய்யாது. அவங்க மூச்சோ கையோ புண்ணுல பட்டா, போச்சு.

— ஆள் சிக்கியாச்சா?

— காலையில முடிவு வந்துச்சு. ஒருத்தர் மூக்குல இருக்கு. உன் சீழ்ல இருக்கிறதும் அதே கிருமி. எதிர் வரிசையில ரெண்டு பேருக்கும் அதேதான்.

— விடாதே அக்கா! யாருன்னு மட்டும் சொல்லு, நானே புகார் எழுதித் தரேன். இனிமே அந்த ஆளு எவன் புண்ணையும் தொடக் கூடாது.

— தொட மாட்டாங்க. மருந்து போட்டு, மறுபடி சோதிச்சு, சுத்தம்னு தெரிஞ்சாதான் உள்ளே விடுவாங்க. இதுவரைக்கும் உனக்குக் கட்டு மாத்தினது யாருடா?

— வேற யாரு? நீதான். தம்பி கால்ல வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சண்டை போட்டு நீயே மாத்தினே. மத்தவங்க முகமூடி இறங்கினா கத்துவே, என்கிட்ட வந்தா மட்டும் கழட்டிட்டுச் சிரிச்சுச் சிரிச்சுக் கதை பேசுவே... அக்கா?

— நீ மன்னிச்சுடுவேடா. எதிர் வரிசையில நான் கட்டு மாத்தின அந்த ரெண்டு பேரும் என் தம்பிங்க இல்லை. புகாரை எழுது.