குறை தெரியுற வெளிச்சம்

அக்சா: இன்னாப்பா இது... இந்தப் போட்டோல நான் எங்க இருக்கேன்?

கிருபா: நல்லா பாரு. நடுவுல நிக்கற.

அக்சா: நடுவுல நிக்கறது ஸ்டூலு. நான் அதுக்குப் பின்னாடி எங்கயோ தூரத்துல, பஸ்ஸைத் தவற விட்டவ மாதிரி நிக்கறேன்.

கிருபா: முழுசா தெரியணும்னு நீதானே சொன்ன?

அக்சா: நான் முழுசா தெரியணும்னு சொன்னேன். இந்த ஷூ சாம்பிள் ரூமு முழுசா தெரியணும்னு யாரு கேட்டா? மேல ஃபேனு, கீழ குப்பைத் தொட்டி... எல்லாம் அழகா வந்திருக்கு.

ஹலீமா: எங்க, காட்டு... அட, என் சாப்பாட்டு டப்பா கூட தெரியுது. மூடி திறந்து கெடக்குது பாரு, மானம் போகுது.

அக்சா: விளையாடாத கிருபா. வரன் கொண்டு வந்த பாஸ்டரம்மா காலைலருந்து ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்கே போட்டோ போகணுமாம். லஞ்ச் முடிஞ்சு மணி அடிக்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு உருப்படியா எடுத்துக் குடு.

கிருபா: இவ்ளோ அவசரப்படறாங்கன்னா அந்த வீடே சரியில்ல.

அக்சா: உன்னைப் போட்டோ எடுக்கத்தான் கூப்பிட்டேன்.

கிருபா: சரி, நில்லு... சிரி...

அக்சா: இரு இரு. லென்ஸைத் துடைச்சியா?

கிருபா: அது எதுக்கு?

அக்சா: எதுக்கா? சாம்பிள் ஷூவைப் போட்டோ எடுக்க எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? "பாக்கெட்ல கெடக்கற போனு, கை எண்ணெய் எல்லாம் ஒட்டியிருக்கும், முதல்ல துடை"ன்னு கிளாஸ் எடுத்தியே...

கிருபா: அது ஷூவுக்கு.

அக்சா: ஓ... ஷூவுக்குன்னா துடைப்ப, எனக்குன்னா துடைக்க மாட்டியா?

ஹலீமா: கேட்டா பாரு கேள்வி!

கிருபா: துடைச்சிட்டேன்மா தாயே. சிரி... ஆச்சு.

அக்சா: குடு, பாக்கறேன்... ஐயோ! தலையில இன்னா இது, கொம்பு?

கிருபா: கொம்பு இல்ல, பின்னாடி இருக்கற தண்ணி பைப்பு.

அக்சா: "எடுக்கறதுக்கு முன்னாடி பின்னால இன்னா இருக்குன்னு பாரு. வாங்க வர்ற பையர் கண்ணு ஷூ மேல மட்டும் தான் போகணும்." இதுவும் நீ சொன்னது தான்.

கிருபா: மறந்துட்டேன்.

ஹலீமா: பைப்பு உச்சந்தலைல கரெக்டா வந்து உக்காந்திருக்குடா பேட்டா. மறந்தவன் எடுத்த மாதிரி தெரியல.

கிருபா: ஹலீமாக்கா, நீங்க சாப்பிடுங்க. அக்சா, ஜன்னல்கிட்ட வா. வெளிச்சம் நல்லா இருக்கும். அப்படியே சைடா திரும்பு... இன்னும் கொஞ்சம்... அதான், அதான். ஆச்சு.

அக்சா: இது எந்த ஜன்னலு?

கிருபா: ஜன்னல்ல இன்னா எந்த ஜன்னலு?

அக்சா: நீ தோலைப் பிரிச்சுப் போட்டு குறை பார்க்கற ஜன்னலு! சைடுல வெளிச்சம் வந்தாத்தான் கீறலு, உண்ணி கடிச்ச தழும்பு எல்லாம் தூக்கிக் காட்டும்னு, ரிஜெக்ட் ஆன தோலை இங்க வச்சுத்தானே போட்டோ எடுத்து, தோல் பதனிடற டேனரிக்கு அனுப்புவ? இங்க பாரு... மூணாங்கிளாஸ் படிக்கறப்போ அம்மை போட்ட தழும்பு. எனக்கே மறந்து போச்சு. அதைத் தேடிப் புடிச்சு எடுத்திருக்க!

கிருபா: பழக்க தோஷம். இத்தனை வருஷமா குறையை மட்டும் தானே எடுக்கறேன்.

அக்சா: என்னையும் டேனரிக்குத் திருப்பி அனுப்பப் போறியா?

ஹலீமா: நேரா ஜன்னலைப் பார்த்து நிக்க வைப்பா. வெளிச்சம் மூஞ்சில விழும். தையல் மிஷின் ஓட்டற எனக்கே தெரியுது.

அக்சா: அக்கா, நீங்க இந்த வெள்ளைத் தெர்மாகோலை எனக்குக் கீழ பிடிங்க. கீழருந்து கொஞ்சம் வெளிச்சம் அடிச்சா கண்ணுக்கு அடியில கருப்பு தெரியாது.

ஹலீமா: இதுவும் இவன் சொன்னதா?

அக்சா: எல்லாமே கிருபானந்தம் சார் சொன்னது தான். செய்யத்தான் மாட்டேங்கறாரு... ஏய், அங்கயே நின்னு இன்னா பண்ற? விரலை வச்சு ஜூம் பண்றியா?

கிருபா: லேசாத்தான்...

அக்சா: "ஜூம் பண்ணா புள்ளி புள்ளியா வரும். காலை எடுத்து வச்சுக் கிட்ட போ." வா, கிட்ட வா.

கிருபா: வந்துட்டேன்.

அக்சா: இன்னும் வா. ஷூன்னா மூக்கு இடிக்கற அளவுக்குப் போவ.

கிருபா: ஷூ என்னை இப்படிப் பார்க்காது.

ஹலீமா: யா அல்லா, என் கை வலிக்குது. சீக்கிரம் எடுங்க.

கிருபா: எடுக்கறேன்... ஆமா, அந்த மாப்பிள்ளை இன்னா வேலை செய்யறான்?

அக்சா: கம்பெனி வேலை தான்.

கிருபா: குடிப்பானா?

அக்சா: டீ ஜாஸ்தி குடிப்பாருன்னு கேள்வி.

கிருபா: போட்டோவைப் பார்த்துப் பொண்ணு எடுக்கறவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான்?

அக்சா: அவர் கேக்கல. அவங்கம்மா தான் கேக்கறாங்க.

கிருபா: அம்மாப் புள்ளையா! போச்சு. அம்மா சொன்னா தலையாட்டறவன்லாம் ஒரு ஆம்பளையா... இரு, போன் வருது. எங்கம்மா. ஹலோ... சாப்ட்டேன்மா... ஞாயித்துக்கிழமையா? எதுக்கு?... சரிம்மா... அந்த நீலச் சட்டையா?... சரிம்மா. நீ சொன்னா சரிதான்மா. ஆலங்காயம் பஸ் புடிச்சு வந்துடறேன். வச்சுடறேன்.

அக்சா: இன்னாவாம்?

கிருபா: ஞாயித்துக்கிழமை ஊருக்கு வரணுமாம். தாடியை எடுத்துட்டு, நீலச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுட்டு. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. யாராச்சும் செத்திருப்பாங்க.

ஹலீமா: சாவு வீட்டுக்கு யாரு பேட்டா ஷேவ் பண்ணிட்டுப் போவாங்க?

அக்சா: அக்கா, தெர்மாகோல் ஆடுது.

ஹலீமா: சிரிப்பு வந்தா ஆடாதா?

கிருபா: இதுல சிரிக்க இன்னா இருக்கு? அக்சா, இங்க பாரு. ஒண்ணோட நிறுத்தல, பத்து எடுக்கறேன். பத்துல ஒண்ணு தேறும். போதுமா?

அக்சா: அப்படி வா வழிக்கு... குடு. இதுல கண்ணு மூடியிருக்கு. இதுலயும் மூடியிருக்கு... இதுலயும்... ஒருத்தி இத்தனை வாட்டியா கண்ணை மூடுவா? நான் இமைக்கறதைப் பார்த்துப் பார்த்து எடுத்தியா?

கிருபா: நீ இமைச்சா நான் இன்னா பண்ணுவேன்?

அக்சா: இரு... இதுல ஒன்பது தான் இருக்கு.

கிருபா: எண்ணிப் பார்ப்பியா இன்னா?

ஹலீமா: ஒண்ணு இருந்துச்சும்மா. நான் எட்டிப் பார்த்தேன். மாஷா அல்லா... கண்ணு, சிரிப்பு, எல்லாம் அவ்ளோ நல்லா இருந்துச்சு. டக்குனு அழிச்சுட்டான். போன்ல இருக்கற குப்பைக்குள்ளயும் போய் அழிச்சான்.

அக்சா: அழிச்சியா? எதுக்கு?

கிருபா: நல்லா வந்துடுச்சு.

அக்சா: இன்னாது?

கிருபா: அதில்ல... அது வந்து...

அக்சா: நல்லா வந்தா அழிப்பாங்களா?

கிருபா: நல்லா வந்தா நீ அனுப்பிடுவ. அனுப்பினா அவனுக்குப் புடிச்சிடும். புடிக்காம எப்படி இருக்கும்? ஞாயித்துக்கிழமை நான் யார் சாவுக்கோ போய்ட்டு வர்றதுக்குள்ள, உனக்கு நிச்சயமே முடிஞ்சிடும். நீ போய்டுவ. இந்த ரூம்ல நான் செருப்பைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். எனக்குப் புடிக்கல. அதான் அழிச்சேன். திட்டறதுன்னா திட்டு.

ஹலீமா: தெர்மாகோலைக் கீழ வச்சிடட்டுமா?

அக்சா: இன்னும் ஒரு நிமிஷம்க்கா. கிருபா, நீ இங்க வா. ஜன்னலைப் பார்த்து நில்லு.

கிருபா: நானா? எதுக்கு?

அக்சா: நில்லுன்னா நில்லு. காலரைச் சரி பண்ணு. லென்ஸைத் துடைச்சாச்சு... பின்னாடி பைப்பு இல்ல... முழங்கையை உடம்போட ஒட்டி வச்சாச்சு, கை ஆடாது... கிட்ட வர்றேன்.

கிருபா: மணி அடிச்சாச்சு அக்சா. லைனுக்குப் போகணும். உன் போட்டோ இன்னா ஆச்சு? பாஸ்டரம்மாவுக்கு இப்ப எதை அனுப்புவ?

அக்சா: மிச்சம் இருக்கறதுல அந்தக் கொம்பு போட்டோவே தேவலாம். நீயே நேரா ஆலங்காயத்துக்கு அனுப்பிடு. பாஸ்டரம்மாகிட்ட பொண்ணு கேட்டு விட்டதே உங்கம்மா தான்... வாயை மூடு, அசையாத. எங்கம்மா மாப்பிள்ளை போட்டோ கேட்டிருக்காங்க.