போட்டியின்றித் தெரிவானவர்

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் உற்சாகமாக இருந்தார். இளையவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அயர்லாந்துக்காரர் தேர்தலில வெண்டும் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகேல்லை, தம்பி. டப்ளினில தாங்களே பாராளுமன்றம் கூட்டினவங்கள். அரைவாசிப் பேர் ஜெயிலில. எண்டாலும் அவங்கட பேரையும் கூப்பிட்டு, 'அந்நியன்ர சிறையில' எண்டு பதில் சொன்னவங்கள்."

"அது இருக்கட்டும் அண்ணை. நேற்று எங்கட ஈழ ஆதரவுச் சங்கக் கூட்டத்தில என்னை ஏன் செயலாளர் எண்டு அறிவிச்சனீங்கள்?"

"நீர் வரேல்லை. நாங்களே தெரிவு செய்தம், போட்டியில்லாமல். அயர்லாந்திலயும் கனபேர் போட்டியில்லாமல்தான் வந்தவங்கள்."

"அவங்கள் தேர்தலுக்கு நிக்கச் சம்மதிச்சவங்கள். நான் ஹோட்டல் குசினியில கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே?"

"இதில என்ன பயம்? சுவிஸில ஆர் உம்மைப் பிடிக்கிறது?"

"என்னைப் பிடிக்கமாட்டாங்கள். கொழும்பில என்ர தம்பி லொட்ஜில நிக்கிறான். கூட்டத்தில இருந்த ஆரும் என்ர பேரை அங்க சொன்னா, பொலிஸ்காரர் அவனைத்தான் கொண்டுபோவாங்கள்."

"எங்கட ஆக்கள் சொல்லுவினமோ?"

"எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமோ?"

மூத்தவர் டிக்கெட்டைத் தேடி எடுத்தார். டிக்கெட் பரிசோதகர் வந்து போகும்வரை இளையவர் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சங்கம் தொடங்கினது நீங்கள். நிர்வாகத்தில உங்கட பேர் எங்க, அண்ணை?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ர மனிசியும் பிள்ளையளும் இன்னும் கொழும்பிலதானே, தம்பி."