ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கேமரா

பழைய சாமான் விற்பது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை, இன்ஸ்பெக்டர். துடைத்து வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். பேப்பரில் நான் கொடுத்த விளம்பரத்தில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. 'ஜெர்மன் இரட்டை லென்ஸ் கேமரா. ஒரே கையில் இருந்தது. மிக நல்ல நிலை.' அவ்வளவுதான்.

கேமரா என் கணவர் கார்த்திகேசுவுடையது. பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. ஸ்டூடியோவை மூடினோம், கேமரா வீட்டுக்கு வந்தது. அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டு. ஈரம் அண்டாமல் இருக்க உள்ளே சின்ன பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும்.

கிள்ளானிலிருந்து அடைக்கப்பன் என்ற பையன் போன் செய்தார். பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு வரச் சொன்னேன். என் கணவர் பத்தேகாலுக்குக் குளிக்கப் போவார். வெளியே வர முக்கால் மணி நேரமாகும்.

பையன் நல்ல மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூடியைத் திறந்து, மேலிருந்து குனிந்து பார்த்தார். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆன்டி, இந்த வயசு கேமராவுல பூஞ்சை இல்லாம நான் பார்த்ததே இல்ல. வெள்ளத்துல எல்லாம் மாட்டலையா?"

"எழுபத்தொண்ணாம் வருஷத்து வெள்ளத்தைப் பார்த்த கேமராதான் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி படல."

"அப்படியா. அப்ப எனக்கு ஏழு வயசு."

என் மகள் ரமணிக்கும் அப்போது ஏழு வயது. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது ஆற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். மதியத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. மேட்டுக்கு ஒரு சந்து வழியாகப் போக வேண்டும். என் கணவர் கேமராப் பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். ரமணியிடம், "அப்பா சட்டையைப் பிடிச்சுக்கம்மா, விட்டுடாதே" என்றார். அவள் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். சந்து முனையில் தண்ணீர் இழுத்தபோது சட்டை கிழிந்தது. அவள் கையை விடவில்லை, இன்ஸ்பெக்டர். மூன்றாம் நாள் கிடைத்தபோது அந்தத் துணி அவள் கைக்குள்ளேயே இருந்தது.

நான் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். என் தலையில் துணி மூட்டையும் நகைப் பெட்டியும் இருந்தன. அது வேறு.

அதன் பிறகு பதினேழு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். ஒரு நாள் குரல் உயர்த்தியதில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஸ்டூடியோவுக்கு யார் வந்தாலும் அவர் கேமரா உறையைத் தட்டி, "வெள்ளத்தையே பார்த்தது இது, ஒரு சொட்டுத் தண்ணி படல" என்பார். கல்யாண மாப்பிள்ளைகளிடம் சொன்னார். குழந்தையைத் தூக்கி வந்தவர்களிடமும் சொன்னார். உள்ளறையில் படங்களை வெட்டிக்கொண்டிருந்த என் காதில் விழும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போன மாதம் காலுக்கு எண்ணெய் தேய்க்க இராஜம்மா வந்தாள். கோணிய வாயால் அவளிடமும் சொன்னார். "ஒரு... சொட்டு" என்று சொல்லிச் சிரித்தார். எச்சில் வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

மறுநாள் விளம்பரம் கொடுத்தேன்.

அடைக்கப்பன் சோதித்துப் பார்க்க ஷட்டரை ஒரு தடவை அழுத்தினார். மெல்லிய சத்தம்தான். சமையலறைக்குப் பின்னாலிருந்த குளியலறை வரைக்கும் அது கேட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "வள்ளி... யாரு... கேமராவைத் தொடறது?" என்றார் அவர். பிறகு கதவை இழுத்துப் பார்த்தார். பிறகு தட்டினார். பிறகு ஏதோ விழுந்தது.

"உள்ள யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு ஆன்டி."

"பக்கத்து வீட்ல ரினோவேஷன்லா தம்பி. டீ ஆறிடும், குடிங்க."

அவர் டீ குடித்தார். ஃபிலிம் எப்படிப் போடுவது, கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று நிதானமாகக் காட்டினேன். தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் தரையைத் தட்டுவது போல, விட்டு விட்டு. உறையின் வாரைச் சரிசெய்து பையனின் தோளில் நானே மாட்டிவிட்டேன். அவருக்கு அது பொருத்தமாக இருந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. குளியலறைக் கதவைத் திறந்தேன். அவர் குப்புறக் கிடந்தார். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். சொல்லுவார்கள்.

தாழ்ப்பாளைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். குளியலறைக்கு வெளியே எதற்குத் தாழ்ப்பாள் என்கிறீர்கள். பூனை போகாமல் இருக்க என்று முதலில் சொன்னேன். எங்கள் தெருவில் பூனை கிடையாது. சனிக்கிழமை பாசாருக்குப் போனபோது வாங்கி வந்து, அவர் தூங்கும் நேரத்தில் நானே திருகாணி போட்டு மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே போனதும் போட்டேன். கேமரா விற்று முடிகிற வரைக்கும்தான் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்தால் விற்க விடமாட்டார். ஆத்திரத்தில் செய்ததாக எழுதாதீர்கள். எனக்கு ஆத்திரம் எதுவும் கிடையாது.

விற்று முடிந்த பிறகும் பஸ் ஸ்டாப்பில் ஏன் ஐம்பது நிமிஷம் நின்றேன் என்று கேட்கிறீர்கள். கிள்ளான் பஸ் வரத் தாமதமாகிவிட்டது. பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. பிள்ளையை எப்படித் தனியாக விட்டுவிட்டு வருவது?