விரியன் வெயில் காயும் இடம்

உங்கள் அறிக்கையில் பாம்பின் பெயர் தப்பாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சாரைப்பாம்பு என்று போட்டிருக்கிறீர்கள். சாரைக்கு விஷமே கிடையாது. அது கடித்து ஒரு மனிதர் மூன்றாம் நாள் செத்துப்போனார் என்றால் சாரையே சிரிக்கும். அது கண்ணாடி விரியன். அதைத் திருத்தச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

என் பெயர் ஜெயசித்ரா. உப்பளத்தில் வீடு. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். ஐம்பது வயதில் ஒரு காமிரா வாங்கிக்கொண்டு, கவிநிலா மேடம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். பறவை, விலங்குகளைத் தொந்தரவு செய்யாமல் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் மூன்று வாரம் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. உட்கார், பார், நேரம் போட்டு நோட்டில் எழுது. அவ்வளவுதான். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. கூட்டை நெருங்கக் கூடாது, இரை வைத்து வரவழைக்கக் கூடாது, நீ வந்து போனது அந்த உயிருக்குத் தெரியவே கூடாது என்பார் மேடம். படத்துக்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதும் உண்டு. இப்போது நான் செய்வதும் அதுதான்.

செம்மல் தம்பியும் அதே வகுப்பு. பிள்ளைச்சாவடிக்காரர், கல்யாண போட்டோ எடுப்பவர். ஆள் தங்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பறவையையும் மணப்பெண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கொக்கைப் பார்த்து, “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா” என்பார். திரும்பாவிட்டால் கல்லெடுத்துப் போடுவார். மேடம் முறைத்தால், “சின்னக் கல்லுதான் மேடம்” என்று பல்லைக் காட்டுவார். எல்லோரும் சிரித்துவிடுவோம். நானும்தான் சிரித்தேன்.

ஆவணியில் எங்கள் பள்ளிக் காம்பவுண்டில் ஒரு தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியது. பத்தொன்பது நாள் ஆய்வக ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்று குஞ்சுகள். சந்தோஷம் தாங்காமல் செம்மல் தம்பியிடம் வாயை விட்டுவிட்டேன். சனிக்கிழமை வாட்ச்மேனைப் பேசிச் சரிக்கட்டி உள்ளே வந்திருக்கிறார். படத்துக்கு மறைக்கிறது என்று கூட்டைச் சுற்றியிருந்த இலையையெல்லாம் கத்தரித்து, வெளிச்சம் விழவைத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை நான் பார்த்தபோது மூன்றும் வெயிலில் காய்ந்த மிளகாய் மாதிரி கிடந்தன. தாய் வாயில் புழுவை வைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சார். என் அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

மேடத்திடம் சொன்னேன். வருத்தப்பட்டார். “சொல்லித் திருத்தலாம் ஜெயசித்ரா” என்றார். மார்கழியில் வகுப்பு சார்பாகக் கண்காட்சி வைத்தோம். வெளியிலிருந்து வந்த நடுவர்கள் செம்மல் தம்பியின் அந்தக் கூட்டுப் படத்துக்குத்தான் முதல் பரிசுக் கோப்பையைக் கொடுத்தார்கள். இலைகளுக்கு நடுவே வால் மட்டும் தெரிகிற என் படத்துக்கு ஆறுதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பரிசெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அதில்தான் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறேன். மூடி சரியாக மூடாது, குழம்பு வழியும். வழியும்போதெல்லாம் துடைத்துக்கொள்வேன்.

தை பிறந்ததும் தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் தனியாகப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு வேலிக்காத்தான் புதர். அடியில் எலிவளை. அந்த வளையில் இருந்தது விரியன். நல்ல பருமன், காய்ந்த சருகுக்கு நடுவில் படுத்தால் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். பதினோரு நாள் காலையில் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஏழு மணி சுமாருக்கு வெளியே வரும். புதரின் இடப்பக்கத்தில் முதல் வெயில் விழுகிற இடத்தில் சுருண்டுகொள்ளும். எட்டு மணிக்கு உள்ளே போய்விடும். ஒரு நாள்கூட அதை நெருங்கவில்லை. நோட்டைத் தருகிறேன், பாருங்கள். மேடம் அதைப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அதே புதருக்கு எதிரே தண்ணீரில் ஒரு கட்டை நிற்கிறது. காலையில் மீன்கொத்தி வந்து உட்காரும். புதர் ஓரமாகக் குப்புறப் படுத்தால் பறவை கண்ணுக்கு நேராக வரும். அருமையான இடம். செம்மல் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். முகூர்த்த சீசன், ஆனாலும் ஓடி வந்தார்.

“இவ்ளோ நல்ல எடத்த எனக்கு ஏன்க்கா தர்றீங்க?”

“எடுக்கத் தெரிஞ்சவரு நீங்கதான தம்பி.”

அவர் லென்ஸை ஊதித் துடைத்தார். பிறகு, “அந்தக் குஞ்சுங்க விஷயத்துல எனக்கே மனசு கேக்கலக்கா. அந்தக் கோப்பைய வீட்டுல எடுத்து உள்ள வெச்சிட்டேன்” என்றார். நான் அதை நோட்டில் குறிக்கவில்லை. அன்றைக்குக் கவனிக்க வந்தது அதை இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மூன்று நாளும் தம்பியைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். கடி கழுத்தில், நேரமும் ஆகிவிட்டது. அவர் மனைவி துர்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் கூட இல்லன்னா அங்கயே அனாதையா கெடந்திருப்பாருக்கா” என்று அழுதது. நல்ல பெண். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை, சார்.

அறிக்கையில் ‘எதிர்பாராத விதமாக’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிடுங்கள்.

களத்தில் நாங்கள் வாய் திறந்து பேச மாட்டோம். கையால்தான் எல்லாம். உள்ளங்கையைக் காட்டினால், பறவை வந்துவிட்டது, அசையாதே. இரண்டு விரலை ஒரு பக்கம் நீட்டினால், அந்தப் பக்கம் மெதுவாக ஊர்ந்து போ. பின்னால் இருப்பவருக்குத்தான் முழு இடமும் தெரியும் என்பதால் முன்னால் படுத்திருப்பவர் அவர் கையைப் பார்த்து நடக்க வேண்டும். செம்மல் தம்பி அதை மதித்ததே இல்லை. “என் கண்ணு எனக்குத் தெரியாதா” என்பார்.

அன்றைக்குத் தம்பி புதர் ஓரமாகக் குப்புறப் படுத்திருந்தார், நான் அவருக்குப் பின்னால். ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. விரியன் அதற்கு முன்பே வந்து, இடப்பக்கத்து வெயிலில் சுருண்டிருந்தது. குக்கர் மாதிரி சீறியது. தம்பி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்து, “அக்கா, என்னமோ சத்தம் கேக்குது. எழுந்துக்கவா?” என்று கிசுகிசுத்தார்.

உள்ளங்கையைக் காட்டினேன். அப்படியே கிடந்தார். அசையாமல் கிடந்திருந்தால் அது கடித்திருக்காது, விரியன் அநேகமாகத் தானாக வம்புக்கு வராது. அது எனக்குத் தெரியும். அதனால் இரண்டு விரலை இடப்பக்கமாக நீட்டினேன். மன்னிப்புக் கேட்ட மனுஷன் இல்லையா, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, மறுபேச்சில்லாமல் சொன்னபடி ஊர்ந்தார்.

அவர் துள்ளி எழுந்தபோது மீன்கொத்தி பறந்துவிட்டது உண்மைதான். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து அதே கட்டையில் உட்கார்ந்தது. விரியனும் வளைக்குள் நல்லபடியாகப் போய்விட்டது. இரண்டையும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான், அங்கே சத்தம் போட வேண்டாம் என்று சாலை வரைக்கும் நடந்து போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் என்னால் எந்த உயிருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை, சார்.